நிருபர் என்றால் கடிதம் எழுதுகிறவர்

என் அன்பு அப்பாவுக்கு,

இன்று சர்ச்சில் “நிருபம் வாசிக்கக் கேளுங்கள்” என்றதும் என் காது அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டது. பேப்பரில் உங்கள் சேதிக்கு மேலே ‘நமது நிருபர்’ என்று அச்சாகுமே, அதே எழுத்துகள்!

சின்ன வயதில், நீங்கள் பேப்பருக்கு எழுதியதைத்தான் சர்ச்சில் வாசிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீங்களும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

வீட்டுக்கு வந்ததும் செல்லில் அகராதி பார்த்தேன். நிருபம் என்றால் கடிதமாம் அப்பா! அரசாங்க உத்தரவையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஊரிலிருந்து பத்திரிகைக்குச் சேதியைக் கடிதமாக எழுதி அனுப்பியவர்தான் நிருபர். அப்போது நான் நினைத்தது முழுத் தப்பு இல்லையே?

“இதுக்கா இந்தக் குதி குதிக்கிற?” என்றாள் அம்மா. “ஒங்கப்பா கவர்ல போட்டுத்தானே சாயங்கால பஸ் டிரைவர்ட்ட குடுப்பாரு. பஸ்ஸ வுட்டா சேதி போச்சு. பசை தடவுறது நான்தான்.”

இப்போது நிருபர் என்றால் மைக் பிடிக்கிறவர். போன வாரம் ஒருவர் வந்தார். நம் வாய்க்கால் மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, தண்ணீர் அந்தப் பக்கமே நிற்கிறது. இந்தப் பக்கம் நட்ட சம்பா வயல் வெடிக்கிறது. சீக்கிரம் தண்ணீர் வராவிட்டால் எல்லார் பயிரும் கருகிவிடும்.

“நிருபர் மவ பேசட்டும்,” என்று சித்தப்பா என்னை முன்னால் தள்ளினார்.

“சத்தமா சொல்லும்மா,” என்றார் மைக் பிடித்தவர்.

எனக்கு ஒரு சொல்கூட வரவில்லை. “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று சித்தப்பா எரிந்து விழுந்தார். வந்தவர் போய்விட்டார், சேதியும் வரவில்லை. ஒன்பதாவதோடு நின்றவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் நிருபர் பேசவே வேண்டாமே அப்பா! எழுதினால் போதுமே! இது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

மத்தியானமே மதகுக்கு ஓடினேன். தண்ணீர் எதுவரை நிற்கிறது, வெடிப்பு எங்கே தொடங்குகிறது, யார் யார் வயல், எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

“பூ ஊதா கலர்ல அழகா இருக்குன்னு எழுதி வச்சிடாதடி,” என்றாள் அம்மா.

எழுதியிருந்தேன்! அடித்துவிட்டேன்.

கவருக்கு அம்மாதான் பசை தடவினாள். உங்கள் பத்திரிகை ஆபீஸ் முகவரியை மனப்பாடமாகச் சொன்னாள், நீங்கள் கண்மூடி இத்தனை நாள் ஆகியும்.

இந்தச் சேதியைப் பேப்பரில் போடாவிட்டால் இன்னொன்று எழுதுவேன் அப்பா. தண்ணீர் வரும்வரை எழுதுவேன்.

பஸ் ஹாரன் கேட்கிறது. கவரை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
எஸ்தர்