கடதாசிப்பூக் கொழுந்து

செவ்வாய், இரவு

வாசல் தொட்டியில் கடதாசிப்பூச் செடி ஏன் பூப்பதில்லை என்று இன்று தெரிந்தது. துளிர் விடும், மறுநாள் நுனி இருக்காது. புழுதான் தின்கிறதென்று தெமோதரைக் கடையில் மருந்துகூட வாங்கிவிட்டேன். பாப்பா அந்தத் தொட்டியைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கிறாள். அதனால் மருந்தடிக்கப் பயம்.

மாலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்த மாமி, என்னோடு பேசிக்கொண்டே துளிரைக் கிள்ளினார்.

"மாமி! அதுலதாங்க பூவே வரும்!"

"அடியாத்தி! கைப்பழக்கம் புள்ள. நல்லவேளை, முதுகுல கூடை இல்ல. நிறுக்கக் கொண்டுபோயிருப்பேன்."

சிரித்துத் திரும்பினால், பாப்பாவும் ஓர் இலையைக் கிள்ளி வாயில் வைத்திருந்தாள். விரல் விட்டு எடுத்தேன். வெறும் இலைதான். நேற்றே அடித்திருந்தால்...

தூங்குகிறாள். மருந்துப் போத்தலைக் காலையில் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.