பின்பால் மெஷினில் உங்கள் பெயர்

பாய்,

இன்று காலை உங்களுக்கு ஒரு மெயில் வந்தது. "உங்களைக் காணாமல் தவிக்கிறோம், திரும்பி வாருங்கள்" என்று பின்பால் மெஷின் கம்பெனிக்காரன் எழுதியிருக்கிறான். உங்கள் சந்தா முடியப்போகிறதாம். இந்த வாரத்துக்குள் புதுப்பித்தால் தள்ளுபடியாம். நீங்கள் மௌத்தாகி ஐந்து மாதம் ஆகிறது. பேக்கரியில் முதல் ஈடு பன் இறங்கிய நேரம், கல்லாவில் நின்றபடியே படித்தேன். ரத்து செய்யலாம் என்று போனால் காரணம் கேட்கிறது. விலை அதிகம், நேரமில்லை, மெஷினை விற்றுவிட்டேன். மூன்றே மூன்றுதான் கொடுத்திருக்கிறான். ஆள் போய்விட்டார் என்று சொல்ல அதில் இடமில்லை.

நீங்கள் ஒரு ஆட்டம்கூட ஆடாத கணக்கு அது. உங்கள் பெயரில் நான்தான் தொடங்கினேன். அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் நேரில் சொல்ல வாய் வராததையெல்லாம் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதி என்ன பயன் என்று தெரியாமலே.

அந்த மெஷின் ஐம்பது வயதுக்கு மேல் எனக்குப் பிடித்த பைத்தியம். பெங்களூரில் தங்கை மகன் ஆபீசில் ஒரு தடவை ஆடிப் பார்த்தேன். சாய்வான கண்ணாடிப் பெட்டிக்குள் எஃகுக் குண்டு ஓடும். அடியில் இரண்டு துடுப்பு. குண்டு கீழே விழுந்துவிடாமல் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் கப்பலில் வரவழைத்து, சிங்காநல்லூர் கடையின் மாடிக்கு ஆறு பேரை விட்டுத் தூக்கி ஏற்றினேன். அந்தப் பணத்தில் இரண்டு ரொட்டி அடுப்பு வாங்கியிருக்கலாம் என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள்.

வந்த மூன்றாம் நாள் இடது துடுப்பு செத்துப்போனது. எங்கள் மாவு பிசையும் மெஷினுக்கு மோட்டார் காயில் சுற்றித் தருகிறவர் என்பதால் உக்கடத்திலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்த நீங்கள் துடுப்பை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பலகையில் இரண்டு இடத்தில் பெரிய ஓட்டை போட்டு, மேலே பிளாஸ்டிக் தகடு வைத்து மூடியிருந்தது.

"ஏனுங்க மொதலாளி, இங்க எதோ இருந்திருக்கோணுமுங்களே?"

விலை கூடின மாடலில் அந்த இடத்தில் கதவு திறந்து குண்டை விழுங்கும், இது விலை குறைந்த மாடல் என்றேன்.

"அப்ப மிக்சர்ல கடலைய எடுத்துப்போட்டு, கடலைய தனியா விக்கறானுங்களா? நீங்ககூட இந்த வேல பண்ண மாட்டீங்களே."

அந்த "நீங்ககூட"வுக்கு நான் சிரித்த சிரிப்பில் நாம் சிநேகிதர்களாகிவிட்டோம். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் மாடியேறி வராத வாரம் இல்லை. ஆளுக்கு மூன்று ஆட்டம், நடுவில் டீ, தேங்காய் பன். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, இருவரும் அதை "நம்ம மெசின்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தோம்.

கம்பெனிக்காரன் விடுவானா? கண் கூசாத கண்ணாடி தனி விலை. பெட்டியை அதிரவைக்கும் மோட்டார் தனி விலை. ஆடினவர் பெயரையும் புள்ளியையும் இன்டர்நெட்டில் சேர்த்துவைக்க ஒரு சந்தா. ஒவ்வொரு மெயில் வரும்போதும் எனக்குக் கை அரிக்கும், நீங்கள் பிடித்து நிறுத்துவீர்கள். அதிரும் மோட்டாருக்குப் பதிலாகப் பழைய தையல் மெஷின் மோட்டாரில் எடை கட்டி மாட்டினீர்கள். முதல் நாளே கீழே கேக் வைக்கும் ஷோகேஸ் கண்ணாடி விரிசல் விட்டது. அன்றைக்கு நாம் சிரித்ததுபோல நான் அப்புறம் சிரித்ததில்லை. சந்தாவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் உங்களுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "எம்பேர வெச்சுக்கறதுக்கு நான் அவனுக்குக் காசு குடுக்கோணுமா? மெசினே வெச்சுக்கட்டுமுங்க."

மெஷினும் வைத்துக்கொண்டது. நூற்றுப் பன்னிரண்டு கோடிப் புள்ளி. நீங்கள் அதை எடுத்த அன்று மெஷின் மூன்று எழுத்து கேட்டது. உங்கள் பெயருக்கு ஒன்று, அத்தா பெயருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று போட்டீர்கள். பதினான்கு மாதம் அந்த மூன்று எழுத்து பட்டியலின் உச்சியில் நின்றது. பெங்களூரிலிருந்து வந்து ஆடிய பையன்கள்கூட அதன் பக்கத்தில் போக முடியவில்லை.

பிறகு டாப்பர் வந்தது. மெஷினின் தலையில் வைக்கிற விளக்கு அலங்காரம், அவ்வளவுதான் அது. ஆனால் அதை மாட்டினால்தான் ஆட்டத்துக்குள் மறைத்துவைத்திருக்கும் ஒரு புதுக் கட்டம் திறக்கும் என்றான். ஏற்கெனவே நம் மெஷினுக்குள் இருக்கிற கட்டம், பாய். நம் வீட்டுக்குள்ளேயே ஒரு அறையைப் பூட்டிச் சாவியை அவன் வைத்துக்கொண்டிருந்தான். நீங்கள் காறித் துப்பாத குறை. மூன்று வாரம் உட்கார்ந்து நம் கைச்சரக்காக ஒரு டாப்பர் செய்தீர்கள். உங்கள் அத்தா வேலை பார்த்த மில்லின் புகைபோக்கி, தகரத்தில், உங்கள் முழங்கை உயரம். ஜாக்பாட் விழுந்தால் உச்சியில் சிவப்பு எரியும்.

மெஷின் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குரூப்பில் அதைப் படமெடுத்துப் போட்டேன். "அண்ணா, கல்யாண மண்டபத்து சீரியல் செட்டா?" என்று ஒருவன் கேட்டான். பத்துப் பதினைந்து பேர் சிரித்துவைத்தார்கள். உங்களிடம் காட்டவில்லை. ஆனால் அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஞாயிறு உங்கள் புகைபோக்கியைப் பார்க்கும்போது எனக்குத் தகரம்தான் தெரிந்தது.

உங்களுக்கு நெஞ்சு வலி வந்து பைபாஸ் செய்த வாரம் நான் கம்பெனி டாப்பரை ஆர்டர் செய்தேன். நீங்கள் தேறி வரும்போது ஆச்சரியப்படுத்தப்போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். தடுக்க ஆளில்லாத நேரம் பார்த்து வாங்கினேன், அதுதான் நிஜம். புகைபோக்கியைக் கழற்றி மைதா மூட்டைப் பக்கம் வைத்துவிட்டு, பெட்டியைப் பிரித்து மாட்டினேன். அப்டேட் செய்யச் சொன்னது. திரையில் இரண்டு வழி காட்டியது: இருப்பதை வைத்துக்கொண்டு போடுவது, முழுவதும் அழித்துப் புதிதாகப் போடுவது. அந்த வேலையை எப்போதும் நீங்கள்தான் செய்வீர்கள். "மொதல்ல ஸ்கோரப் படம் புடிச்சு வெச்சுக்கோணுமுங்க, அப்பறம் சின்னத மட்டும் போடோணுமுங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே செய்வீர்கள். இவ்வளவு காசு கொடுத்துவிட்டு எதற்குச் சின்னது என்று நான் முழுவதையும் அமுக்கினேன்.

இருபது நிமிடம் ஓடி முடித்து மெஷின் கண் திறந்தபோது உச்சியில் யாரோ ஒருவன் இருந்தான். கம்பெனி தானாகப் போட்டுவைக்கிற எழுத்துகள். அதைச் செய்த வெள்ளைக்காரன் பெயராக இருக்கலாம். ஏழே கோடிப் புள்ளி.

கம்பெனிக்கு எழுதினேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். பதிவு செய்யாத ஆட்டங்களைத் திரும்பக் கொண்டுவர இயலாது, சந்தா தொடங்கினால் இனிமேல் எடுப்பவை பத்திரமாக இருக்கும் என்று பதில் வந்தது. அப்போது தொடங்கியதுதான் உங்கள் பெயரிலான அந்தக் கணக்கு. நீங்கள் வந்து ஆடி, அந்த எண்ணை மறுபடி எடுத்துவிடுவீர்கள், நான் தப்பித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரம், மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் நீங்கள் ஏறி வந்தீர்கள். நெஞ்சில் கை வைத்தபடி நின்று, புது டாப்பர் மினுங்குவதைப் பார்த்தீர்கள். பிறகு திரையைப் பார்த்தீர்கள். பட்டியல் மாறி மாறி வந்தது, இரண்டு சுற்று முழுக்கப் பார்த்தீர்கள். நான் என்னென்னவோ உளறினேன்.

"பரவால்லீங்க. உங்க மெசின்தானுங்களே."

உங்க மெசின். நீங்கள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன் பாய். ஒரு ஆட்டம் ஆடச் சொன்னேன், மூச்சு வாங்குகிறது என்றீர்கள். புகைபோக்கியைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த மைதாவைக் கைக்குட்டையால் துடைத்தீர்கள். இறங்கிப் போகும்போது கல்லாவில் டீக்குக் காசு வைத்தீர்கள். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. அதன்பிறகு நீங்கள் வரவில்லை. நான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளினேன். இரண்டாம் மாதம் உங்கள் மகன் போன் செய்து சொன்னான்.

அந்தப் புதுக் கட்டத்தை ஆடிப் பார்த்தேன். அதே குண்டு, அதே பாதை, வேறு நிறத்தில் விளக்கு, மூன்று நிமிடம்.

போன வியாழக்கிழமை உங்கள் வீட்டம்மா கடைக்கு வந்திருந்தார். உங்களுக்காக வீட்டுக்குள்ளேயே இருந்த இத்தா முடிந்து முதல் தடவை வெளியே வருகிறார்போல. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன் கட்டிக் கொடுத்தேன், காசு வேண்டாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஆப்பரேசனுக்குப் போறப்பக்கூட அதேதானுங்கண்ணா பேச்சு. நான் போய்ட்டாலும் அங்க எம்பேரு மேல நிக்குமுன்னு. டாக்டரு வேண்டாமுன்னும் கேக்காம, ஒருக்கா பாத்துப்போட்டு வாரேன்னு அன்னிக்கு இங்க வந்தாருங்களே. வந்தப்பறம் எதுவுமே சொல்லுலீங்க. இன்னும் இருக்குதுங்களாண்ணா அவரு பேரு?"

"இருக்குதுங்க அம்மணி."

"பரீட்ச லீவு உட்டதும் புள்ளையக் கூட்டிட்டு வாரேனுங்க. தாத்தா பேர அவளும் பாக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் மாடியில் நின்று ஆடுகிறேன், பாய். உங்கள் எண்ணை எடுத்து, உங்கள் மூன்று எழுத்தைப் போட்டுவிட வேண்டும் என்றுதான். உங்களைப்போலக் குண்டைத் துடுப்பில் நிறுத்திவைத்து, மூச்சைப் பிடித்து, பார்த்து அடிக்கிறேன். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. இதுவரை பதினெட்டுக் கோடியைத் தாண்டவில்லை. லீவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, எனக்கு வராது என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்றை மட்டும் கம்பெனிக்காரன் விற்கவில்லை. விற்றிருந்தால் இந்நேரம் வாங்கிப்போட்டிருப்பேன்.