பக்கம் திருப்பும் நாற்காலி

ஏப்ரல் 6, சனி

இங்கே எழுதப்போவதை ஒரு ஜீவனும் நம்பாது என்று பேனாவைத் தலைக்கு மேல் தூக்கிப்பிடித்து உறுதி கூறுகிறேன். இது என் நாட்குறிப்பு. படிக்கப்போகிற ஒரே ஜீவன் நான்தான். நானே நம்பமாட்டேன்.

இசைக்கருவிக் கடையில் இன்றும் சனிக்கிழமைப் போட்டி. முதலாளி ஏதாவது ஒரு பழைய மேற்கத்திய சொனாட்டாவிலிருந்தோ சிம்பொனியிலிருந்தோ ஒரு துண்டு இசை நோட்ஸை நகலெடுத்து, தலைப்பை மறைத்து, கண்ணாடிக் கதவில் ஒட்டுவார். அது எதிலிருந்து என்று பார்த்தே சொல்ல வேண்டும். வாசிக்கக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது. பரிசு கிடையாது. மானம்தான்.

அந்தக் கதவின் சக்கரவர்த்தி நான். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது என் பிழைப்பு. கதவை ஆள்வது என் பிறவிப்பயன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்துச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை முதலாளி எதை ஒட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

இன்றும் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது.

"குவார்டெட். மூணாவது பாகம். ரெண்டாவது வயலின் வாசிக்கிறது."

நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் உருப்படி; சரியான விடை. திரும்பினால் — சம்பந்தி! என் அக்கா மகளின் மாமனார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாத மனிதர். நோட்ஸ் புத்தகங்களைக் கதைப்புத்தகம் மாதிரி படுத்துக்கொண்டு படிப்பாராம்.

"தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க சம்பந்தி" என்றார். தப்பாக இருந்தால்தானே மன்னிக்க முடியும்?

ஏப்ரல் 13, சனி

முதலாளிக்குக் கொழுப்பு. இன்று டிம்பனி மேளக்காரருக்கான தாளை ஒட்டினார். அதில் நோட்டே இல்லை, வரிசையாக ஓய்வுக்குறிகள். மற்றவர்களெல்லாம் வாசிக்க, அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற இடம்.

சம்பந்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். பெயரைச் சொன்னார்.

"எப்படிங்க?" என்று முதலாளி வாயைப் பிளந்தார்.

"அந்த மெதுவான பாகத்துலதான் பாவம் அவர் இவ்ளோ நேரம் சும்மா நிப்பாரு."

வெறும் மௌனத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறார்! எனக்கு எரிந்த வயிற்றில் ஒரு கல்யாண வீட்டுக்கே உலை வைத்திருக்கலாம். ஆயுசு முழுக்க அடுத்தவன் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இங்கே என்ன வேலை?

ஏப்ரல் 14, ஞாயிறு

அக்கா மகள் வீட்டில் சாப்பாடு. அடுத்த மாதம் நாலாம் தேதி நகர அரங்கத்தில் அவள் தனியாகப் பியானோ வாசிக்கிறாள். இதுவரை போனதிலெல்லாம் பெரிய மேடை.

அவள் முதல் மேடை ஏறிய நாளிலிருந்து இடதுபக்க நாற்காலி என்னுடையது. அவள் வாசித்துக்கொண்டே லேசாகத் தலையசைப்பாள். நான் எழுந்து, தாளின் மேல்மூலையைப் பிடித்துத் திருப்புவேன். அரங்கத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் அந்தத் தலையசைப்பு எனக்கு மட்டும்தான்.

சாப்பிட்டு முடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "மாமா, இந்தத் தடவை உங்க சம்பந்தி திருப்பட்டுமா? ரொம்ப ஆசைப்படறாரு. வாயத் திறந்து கேக்க மாட்டாரு."

சம்பந்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அடக்கம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

"ஆகா, பேஷா! வர்ற சனிக்கிழமை கடைக்கு வரட்டும். கதவுல இருக்கறத யார் கண்டுபிடிக்கிறாங்களோ அவங்க திருப்பட்டும்."

"டேய், உனக்கு என்ன வயசாகுது?" என்றாள் அக்கா.

"எனக்குச் சம்மதம்" என்றார் சம்பந்தி. தட்டிலிருந்து தலை நிமிர்ந்திருந்தது. ஓகோ. பூனைக்கும் நகம் இருக்கிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

மூன்று பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தேன். மூன்றும் என்னைப் போலவே மூக்கால் அழுதன.

ஏப்ரல் 20, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

போட்டியைப் பார்க்க அக்கா மகளும் வருவதாகச் சொல்லியிருந்தாள். கடையில் கூட்டம். உலகத்தின் பாதி ஜனத்தொகை என்று வைத்துக்கொள்வோம், பன்னிரண்டு பேர். முதலாளி இந்தத் தடவை தலைப்போடு வரியின் ஆரம்பக் குறிகளையும் மறைத்துவிட்டார். வெறும் ஐந்து கோடுகளும் நோட்டுகளும்தான். அவசர அவசரமாக ஒட்டினார்.

"வால்ட்ஸ்!" என்று கர்ஜித்தேன். "ரெண்டாவது பக்கம், நடுவுல!"

"இல்ல சம்பந்தி. இது ஃப்யூக். விரல் பயிற்சிக்குன்னு எழுதினது."

"ஃப்யூகா? கண்ணாடிய மாத்துங்க!"

"நீங்க ஒண்ணு வாங்கிப் போடுங்க."

அடேயப்பா! வால்ட்ஸ் என்றால் ஆடுவதற்கு, ஃப்யூக் என்றால் ஒரு மெட்டை இன்னொன்று துரத்துவது; இது எதுவென்று வாதம் செய்தோம். நான் மேலேறும் சுரங்களைக் காட்டினேன். அவர் இடைவெளிகளை அளந்தார். நான் அவர் காலத்துப் பல் வைத்தியத்தைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவள் எப்போது வந்தாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. கதவருகே போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணே, தாள் தலைகீழா இருக்கு."

முதலாளி பிய்த்துத் திருப்பி ஒட்டினார்.

நோட்டின் காம்பு மேலே போனால் வலதுபக்கம், கீழே இறங்கினால் இடதுபக்கம். தாளைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதே கதைதான். ஓய்வுக்குறி, வால் வைத்த நோட்டு எதுவும் இல்லாவிட்டால் பார்த்ததும் தெரியாது. தொழில் தெரிந்தவன்தான் இதில் விழுவான். தெரியாதவனுக்கு விழுவதற்கு இடமே இல்லை. இப்படிச் சமாதானம் சொல்லலாம் என்றிருந்தேன்.

"இது நான் நாலாந்தேதி வாசிக்கப்போறது" என்றாள். "ரெண்டு பேரும் தினமும் நான் பயிற்சி பண்றப்ப வந்து பக்கத்துல உக்காந்துக்கறீங்க. நேராத் திருப்பின அப்புறமும் உங்க ரெண்டு பேருக்கும் தெரியல."

அவள் சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். சிரிக்கவில்லை.

நான் என்னத்தைக் கேட்டேன் இத்தனை நாள்? அவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறார், தாளை எட்டிப் பார்க்கிறாரா — இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22, திங்கள்

போன் வந்தது. "மாமா, நோட்ஸ் பாத்து வாசிக்க டேப்லெட் ஒண்ணு வாங்கிட்டேன். கீழ ஒரு பெடல், மிதிச்சா பக்கம் மாறிடும். மேடையில நாற்காலியே வேணாம்னு சொல்லிட்டேன்."

"நான் என்னம்மா பண்ணட்டும்?"

"கீழ உக்காந்து கேளுங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க."

ஏப்ரல் 23, செவ்வாய்

சம்பந்தியின் மேல் இருந்த பொறாமை முழுவதையும் ஒரு பெடலுக்கு மாற்றி எழுதிவிட்டேன். பெடலுக்கு அடக்கமும் அதிகம்.

மே 4, சனி

அரங்கம் நிரம்பி, வெளியே மரத்தில் ஏறிப் பார்த்தவர்கள் ஐந்நூறு பேர். அவள் முதல் சுரத்தைத் தொட்டதும் நகரத்தின் விளக்குகள் அத்தனையும் பிரகாசமாயின. முடித்ததும் எழுந்த கைதட்டலில் கூரை பெயர்ந்து பக்கத்துத் தெருவில் போய் உட்கார்ந்தது.

நானும் சம்பந்தியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். வாசிப்பு ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் பக்கம் முடிகிற இடம் வந்தது. என் இடதுகை தானாக எழுந்து, காற்றில் ஒரு மேல்மூலையைப் பிடித்தது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் அவர் கை, நான் செய்வதைப் பார்த்து அப்படியே காப்பியடித்துக்கொண்டிருந்தது. மேடையில் அவள் யாரையும் பார்க்காமல் லேசாகத் தலையசைத்தாள். பழக்கம்.

"அடுத்தது ரெண்டு பக்கம் கழிச்சு" என்று கிசுகிசுத்தார்.

"தெரியும், தெரியும்."

சரி. மரத்தில் யாரும் ஏறவில்லை. விளக்குகள் எப்போதும் போலத்தான் எரிந்தன. கூரை இருந்த இடத்தில் இருக்கிறது. ஒரு சின்னச் சங்கதி மட்டும் நிஜம்: இரண்டு கைகள் எழுந்தன. காப்பியடித்தது என்னுடையது. முதலில் எழுந்தது அவருடையது. சரியான இடத்தில்.