வெயில் படக் கூடாத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஏழாவது மாடியில் நின்றுபோன லிப்டைச் சரிசெய்துவிட்டு, கிரீஸ் கையோடு மருத்துவமனைக்கு ஓடினேன். மகளுக்கு நான்காவது சுற்று கீமோ முடிந்தது. கல்லீரல் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறதாம். இனி வெட்டி எடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. கூடவே ஒரு புது மருந்தைப் பற்றியும் சொன்னார். ஆபரேஷனுக்கு முந்தின நாளே ஊசியில் ஏற்றினால் புற்றுநோய் அணுக்களில் போய்த் தங்குமாம். ஒரு விளக்கில் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும். இன்னொரு விளக்கில் அந்த அணுக்களையே கொல்லும்.

"இன்னும் சோதனையிலதான் இருக்கு. கட்டாயம் இல்ல. ரெண்டு பேரும் பேசிட்டு சொல்லுங்க."

எங்கே பேச? வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எம் புள்ள என்ன எலியா?"

மார்ச் 6

சம்மதப் படிவம் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது. இரண்டு பேருமே தொடவில்லை.

மார்ச் 10, திங்கள்

மனைவியே டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டுவிட்டாள். "உங்க பொண்ணா இருந்தா போடுவீங்களா?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். "எனக்குக் குழந்தை இல்லம்மா. ஆனா கட்டிய எடுத்தப்புறம், மிச்சம் மீதி ஒட்டிட்டிருக்கான்னு வெறும் கண்ணால தேடுவேன் பாருங்க... அப்ப எனக்கே பயமா இருக்கும்."

இவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் நான். என் எழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மார்ச் 17

மருந்து ஏற்றியாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு வெயில் பட்டால் தோல் வெந்துவிடுமாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.

"அப்பா, வெயிலு என்னைக் கடிக்குமா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்டா."

மார்ச் 18

ஏழு மணி நேர ஆபரேஷன். கட்டியை எடுத்துவிட்டார்கள். பிறகு விளக்கைக் காட்டினார்களாம்: இரண்டு இடத்தில் ஒளிர்ந்ததாம். ஒன்று வெறும் தழும்பு. மற்றது வெட்டிய ஓரத்தில், அரிசி அளவு. அதுவும் புற்றுதான். விளக்கு இல்லாவிட்டால் உள்ளேயே இருந்திருக்கும். சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் கால் மணி நேரம் இன்னொரு விளக்கைப் பிடித்தார்களாம்.

"எல்லாம் செத்துடுச்சா டாக்டர்?"

"இப்ப சொல்ல முடியாது. காத்திருக்கணும்."

காத்திருப்பதைத் தவிர வேறென்ன செய்தோம் இத்தனை மாதமாக?

மார்ச் 27

தூங்கிவிட்டேன். மத்தியானம், நாற்காலியில், உட்கார்ந்தபடியே. ஜன்னல் துணி ஒரு பக்கம் விலகியிருக்கிறது — எவ்வளவு நேரமோ தெரியாது. மகளின் புறங்கையில் கொப்புளம். வீல் என்று கத்தியபோதுதான் விழித்தேன். சே, நானெல்லாம் ஒரு அப்பனா?

நர்ஸ் களிம்பு போட்டு, ஆறிவிடும் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். "திட்டணும்போலத்தான் இருக்கு. தெம்பு இல்ல." என் தோளில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 30

ரத்தத்தில் புற்றைக் காட்டும் எண் குறைகிறது. சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

எண் ஐந்து; பத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லையாம். போன மாதமும் ஐந்துதான். ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து வந்தால் போதுமாம்.

திரும்பும் வழியில் மகளுக்குச் செருப்பு வாங்கினோம். சரியான அளவைத்தான் மனைவி எடுத்தாள். கடைக்காரர், "வளர்ற புள்ளம்மா, ஒரு சைஸ் பெரிசா எடுங்க" என்றார். இவள் என்னைப் பார்த்தாள்.

பெரிதாகவே எடுத்தோம்.