துவக்கை விழுத்தியது யார்

பீலெஃபெல்ட்,
9.11.1986

அன்பு அன்ரனிற்றா,

நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று, என் அறையில் இருக்கும் நம்மூர் மரியநாயகமும் நானும் ஒரு ஜெர்மன்காரருக்குக் காட்டுப்பன்றி கலைத்துக் கொடுக்கப் போனோம். அவருடைய துவக்கைச் சுமந்த மரியநாயகம் அதைக் கல்லில் விழுத்திவிட்டான். மேலே பூட்டியிருந்த தூரக்கண்ணாடி அடிபட்டது.

"சொல்லிப்போடாதேங்கோ அண்ணை" என்று கெஞ்சினான். நான் சொல்லவில்லை.

பன்றி கிட்ட நின்றும் இரண்டு வெடியும் தவறின. அவர் ஒரு மரத்துக்குச் சுட்டுப் பார்த்தார். குண்டு இரண்டு சாண் தள்ளிப் பட்டது. துவக்கைத் தடவிப் பார்த்துவிட்டுச் சினந்து கேட்டார். மரியநாயகம் அவருடைய டொச் பாஷையில் சொன்ன பதிலில் என் பெயர் மட்டுமே எனக்கு விளங்கியது. அவர் என்னை ஏசித் துரத்தினார்.

பின்னேரம் மரியநாயகத்திடம் ஏன் என்று கேட்டேன்.

"உங்களுக்கு டொச் தெரியாதுதானே அண்ணை. அவர் ஏசினாலும் விளங்காது எண்டுதான்."

சிரிப்புத்தான் வருகிறது, யோசிக்க வேண்டாம். டொச் தெரிந்தவன் என்று இவ்வளவு நாளும் அவன் பெயருக்குப் போட்ட கடிதத்தை இனிமேல் என் பெயருக்கே போடும். கொஞ்சம் நீளமாக எழுதும். அவனுடைய தாய் கோயிலில் விசாரித்தால், நாங்கள் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று சொல்லும்.

அவன் படியேறி வருகிறான். நிறுத்துகிறேன்.

உமது,
செபமாலை