ஐடி கார்டு போட்டோ சரியில்லை

அக்கா,

இன்று காலை முதலாண்டு மாணவி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். "மேடம், என் ஐடி கார்டு போட்டோ சரியில்ல" என்றாள். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். போட்டோ நன்றாகத்தான் இருந்தது. "உள்ள வாம்மா, உக்காரு" என்றேன். அவள் உங்களைப் பார்த்ததே இல்லை. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் சொல்லிவைத்த பொய் மட்டும் இன்னும் தவறாமல் டியூட்டிக்கு வருகிறது.

நசரத்பேட்டை தாண்டி இருக்கும் இந்தக் கல்லூரியில் கவுன்சிலராக நான் சேர்ந்தபோது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அட்டெண்டராக நீங்கள், இவ்வளவுதான் கொடுத்தார்கள். யாரும் தானாக வரவில்லை. ஆகவே முறைப்படி சீட்டு எழுதினேன்: பெயர், ரோல் நம்பர், 'கவுன்சலிங் அறைக்கு வரவும்', கீழே என் கையெழுத்தும் முத்திரையும். நீங்கள் வகுப்புக்குக் கொண்டுபோவீர்கள், ஆசிரியர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். அதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்த படிப்பு அப்படி.

சிவில் இரண்டாம் ஆண்டுப் பெண்ணை நினைவிருக்கிறதா? மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை என்று அவளுடைய ஹாஸ்டல் தோழி வந்து சொன்னாள். சீட்டு அனுப்பினேன். வகுப்பே 'ஓ' போட்டது. அவள் என்னிடமும் வரவில்லை, மறுநாள் வகுப்புக்கும் போகவில்லை. நான் இரண்டாவது சீட்டு எழுதினேன். நீங்கள் அதைத் தொடவில்லை.

"இத்த எடுத்துகினு போனா அந்தப் பொண்ணு காலேஜையே வுட்டுடும் மேடம். அல்லாரும் லூசுன்னு சொல்லிகினு கீறாங்க."

"அப்ப என்னக்கா பண்றது?"

"சீட்டு வாணாம். நான் வாயால சொல்லி இட்டாறேன்."

இரண்டு நாள் கழித்து அவள் வகுப்புக்கு வந்ததும் நீங்கள் வாசலில் நின்று, ஐடி கார்டு போட்டோ சரியில்லையாம், ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்றீர்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வராந்தாவில் அவளிடம் உண்மையைச் சொல்லி, "புடிக்கலன்னா அப்டியே கேன்டீனுக்குப் போய்டு, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றீர்களாம். அவள் கேன்டீனுக்குப் போகவில்லை. முக்கால் மணி நேரம் என் எதிரில் அழுதாள். பிறகு வாரம் ஒருமுறை வந்தாள். இப்போது அம்பத்தூரில் வேலை பார்க்கிறாள். அன்று எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது, எனக்குத் தோன்றாதது உங்களுக்குத் தோன்றிவிட்டதே என்று. அதன்பிறகு எல்லோரையும் அதே பொய்யைச் சொல்லித்தான் கூட்டிவந்தீர்கள், போகப்போக மாணவர்களே அதைச் சொல்லிக்கொண்டு தாமாக வர ஆரம்பித்தார்கள்.

அப்புறம் அந்த மார்ச் மாதம். இரண்டாவது மாடிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தீர்கள். இன்னொரு கை நெஞ்சில் இருந்தது.

"என்னக்கா?"

"ஒன்னுமில்ல மேடம், கேஸு."

"மோர் குடிங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். ஆசிரியர்களுக்கான பயிற்சி எனக்காகக் காத்திருந்தது. மாணவர்கள் 'ஒன்றுமில்லை' என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள், இன்னொரு தடவை கேளுங்கள் என்று அங்கே ஒரு மணி நேரம் பேசினேன். நிறையக் கைதட்டல்.

ஒன்பதாம் நாள் பஸ் ஸ்டாப்பில் விழுந்தீர்கள். உங்கள் வீட்டில், ஷாமியானாவுக்குக் கீழே, உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிகினே இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வான்னா, மேடமே மோர் குடிச்சா போதும்னு சொல்ட்டாங்கன்னுச்சு." அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எல்லோரையும் இரண்டு தடவை கேட்கிறேன். வாட்ச்மேன், பஸ் டிரைவர், கூட்டுகிற அம்மா, யாரையும் விடுவதில்லை. சிலருக்குத் தொல்லையாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆறு வருடம் அந்த அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தீர்கள். உள்ளே இருந்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, நானும் உட்காரச் சொன்னதில்லை. அன்று படியில் நான் சொல்லியிருக்க வேண்டியதை நீங்களே எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தீர்கள்: அக்கா, உங்க ஐடி கார்டு போட்டோ சரியில்ல, உள்ள வந்து உக்காருங்க.