ஆறிப்போன டீக்கு நீ போட்ட வார்த்தை

உன் அகராதியை உன் மனைவி நேற்று செந்துறை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். பிரித்ததும் சுண்ணாம்புத் தூளின் வாசனை. இந்தப் பக்கம் எந்த வீட்டில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இப்போது இதே வாசனைதான். மேசையில் வைத்த நேரம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சங்கு ஊதியது. நான்கு மணி வெடி. சொம்புத் தண்ணீர் நடுங்கி அடங்கியது. சமையலறைச் சுவரில் விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். இந்த மாதம் அது கோட்டைத் தாண்டிவிட்டது.

அரியலூர்க் கல்லூரியில் ஒரே பெஞ்சில் இங்கிலீஷ் படித்தோம். நான் பள்ளிக்கூட வாத்தியார் ஆனேன். நீ கோர்ட்டுக்கு எதிரே மேசை போட்டு மனுக்களை மொழிபெயர்த்தாய். என்னைவிட உனக்குத்தான் மொழி வசப்படும் என்று பேராசிரியர் வகுப்பில் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் ஏரிவரை சுரங்கத்தை விரிக்க எங்கள் ஊரில் கருத்துக் கேட்டார்கள். நடந்ததை இங்கிலீஷில் எழுதித் தர உன்னைக் கூட்டி வந்திருந்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி மூன்று முறை கேட்டார். வீட்டுக்கு ஒரு பிள்ளை சுரங்கத்தில் வேலையில் இருந்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் கொடுத்த டீயை யாரும் தொடவில்லை. ஆகாதவர் கையால் நம் பக்கத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அது அந்த அதிகாரிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். காகிதக் கப்புகளில் டீ ஏடு கட்டி ஆறியது.

என்னை ஓரமாக அழைத்தாய். “பேசாம இருந்தாங்களே, அதுக்கு இங்கிலீஷ்ல என்னடா போடலாம்?”

பழைய நாள் போல நின்று அலசினோம். அக்ரீ என்றால் வாய்விட்டுச் சரி என்பது. கன்சென்ட் என்றால் தெரிந்தே அனுமதி கொடுப்பது. அசென்ட் என்றால் தலையாவது ஆட வேண்டும். அங்கே ஒரு தலையும் ஆடவில்லை. கடைசியில், யாரும் பேச்சில் எடுக்காத அக்வியெஸ் என்பதை எடுத்தாய். மனம் ஒப்பாமலே, எதிர்க்காமல், நடப்பதை நடக்க விடுவது.

“மனசு ஒப்பலங்கிறது இதுக்குள்ளயே இருக்குல்ல?”

இருக்கிறது, ஆனால் ஆபீஸில் படிப்பவன் அதை விட்டுவிட்டு, எதிர்க்கவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்வான் என்றேன். டீயைத் தொடவில்லை என்று ஒரு வரி எழுது என்றேன். நீ என் கையைப் பார்த்தாய்.

“நீ குடிச்சுட்டியே மாப்ள. அதுக்கு என்ன வார்த்தை?”

என் கப் காலியாக இருந்தது. வெயில், தாகம் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதற்குமேல் நான் பேசவில்லை. நீ அந்த வார்த்தையையே போட்டு, டீயைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் எழுதி முடித்தாய். ஏரி போயிற்று.

பிறகு உன்னோடு பேசவே இல்லை. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் மனைவி கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்தேன். அவர் டம்ளரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அகராதி வந்தது. அந்த வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருப்பாய் என்று தேடினேன். பக்கம் சுத்தமாக இருக்கிறது.

புதன்கிழமை மறுபடியும் கருத்துக் கேட்பு. இந்த முறை எங்கள் தெரு. வாசலுக்கு எதிரே சிவப்புக் கொடி நட்டுவிட்டார்கள். சுரங்க ஆபீஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.

“அவரும் போயிட்டாரு. இங்கிலீஷ்ல நீங்கதான் எழுதித் தரணும் சார். தம்பியும் நம்மகிட்டதானே வேலை பாக்குறாரு.”

தம்பி என்றது என் மகனை. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சும்மா நின்றேன்.

“அப்ப புதன்கிழமை பாக்கலாங்க” என்று கிளம்பிவிட்டார்.

நான் குடித்ததற்கு என்ன வார்த்தை என்ற உன் கேள்வியை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். புதன்கிழமை நீ உட்கார்ந்த இடத்தில் எனக்கு நாற்காலி போடுவார்கள். டீ குடிக்க மாட்டேன், அது நிச்சயம். எந்த வார்த்தையை எழுதுவேன் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.